ஜப்பானில் நெல் அறுவடைக்கு ஒத்தாசை: விசா முதல் புது அரிசி வரை

செப்டம்பர் இரண்டாம் வாரம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு கைப்பேசியில் ஒரே ஒரு வரி வரும்: "நாளைக்கு மழை இல்லை, அறுக்கிறோம்." அதற்கு முன் எந்தத் தேதியும் உறுதியில்லை. ரயில் அட்டவணை நொடி பிசகாத நாட்டில், நெல்லுக்கு மட்டும் முந்தின நாள் இரவு வரை யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

வார நாட்களில் எனக்கு டோக்கியோவில் கணினி வேலை. சிபா மாகாணத்தில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு சின்ன வயலுக்கு ஐந்து வருடமாக அறுப்புக்குப் போய்வருகிறேன். அங்கே வயல்காரர்களான ஒரு தாத்தா, பாட்டி இரண்டே பேர். நாட்டு நிலைமையும் அதுதான். 2020ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில், விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. கைகள் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மாதிரிக் கைகள் என்பதுதான் கேள்வி. அறுப்பது வேலையில் கால் பங்குதான். கட்டுவது, சுமப்பது, தொங்கவிடுவது, இரண்டு வாரம் கழித்துக் கதிரடிக்க மறுபடி வருவது, இவைதான் மீதி. அறுத்த கதிரோடு படம் எடுத்துக்கொண்டு மதியமே கிளம்புகிறவரை அடுத்த வருடம் யாரும் கூப்பிடுவதில்லை. இந்த வழிகாட்டி சாயங்காலம் வரை நிற்க நினைப்பவர்களுக்கு.

முதலில் விசா

இது சலிப்பான பகுதி, ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். நிரந்தரக் குடியிருப்பு, ஜப்பானியரின் துணைவர், நீண்டகாலக் குடியிருப்பு ஆகிய விசாக்களில் இருப்பவர்கள் கூலிக்கும் போகலாம், சும்மாவும் போகலாம். மாணவர்களும் குடும்ப விசாவில் இருப்பவர்களும் "ஷிகாகுகாய் கட்சுதோ" என்ற கூடுதல் வேலை அனுமதி வாங்கியிருந்தால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை கூலி வேலை செய்யலாம். கல்லூரியின் நீண்ட விடுமுறையில் மாணவர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம். குடியிருப்பு அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அனுமதி இருந்தால் முத்திரை அங்கேதான் இருக்கும்.

நம்மவர்களில் பலர் வைத்திருக்கும் பொறியாளர் விசாவில் ஞாயிற்றுக்கிழமை கூலிக்குக் கதிர் அறுக்க இடமில்லை. கூலி யென்னாக வராமல் அரிசி மூட்டையாக வந்தாலும் கூலி கூலிதான். "சும்மா சாப்பாடும் தங்க இடமும் தருவார்கள்" என்ற ஏற்பாட்டையும் வேலைக்கு ஈடாகக் கருத முடியும் என்பதால், குடியேற்ற அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதே நல்லது. இந்த விசாக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு: பணம் கொடுத்து வேலை செய்யுங்கள்! கேலி இல்லை. "ஓனா செய்தோ" என்ற உரிமையாளர் முறையில் வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் ஒரு துண்டு வயல் உங்கள் பேரில் இருக்கும். நடவு, களையெடுப்பு, அறுவடை, கதிரடிப்புக்கு நீங்கள் போக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் ஊர்க்காரர்கள் தண்ணீர் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வாங்குபவராக இருப்பதால் கூலிப் பேச்சே எழாது.

2019 ஏப்ரலில் வந்த "தொகுதெய் கினோ" (குறிப்பிட்ட திறன்) விசாவில் விவசாயமும் ஒரு துறை. அது முழுநேரப் பிழைப்பு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

கூலிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜப்பான் தொழிலாளர் சட்டத்தின் 41ஆம் பிரிவு வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகளிலிருந்து விவசாயத்துக்கு விலக்குத் தருகிறது. அதனால் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் விகிதம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், முன்பே கேளுங்கள். குறைந்தபட்ச ஊதியம் விவசாயத்துக்கும் உண்டு. 2025ஆம் ஆண்டு உயர்வுக்குப் பிறகு எல்லா மாகாணங்களிலும் அது மணிக்கு 1000 யென்னுக்கு மேல்தான்.

எங்கே, எப்போது

ஜப்பானில் அறுவடை தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. இஷிகாகித் தீவில் ஜூனிலேயே தொடங்கிவிடும். மியாசாகியிலும் கோச்சியிலும் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட். சிபாவில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். நீகத்தாவின் கோஷிஹிகாரி நெல்லின் அறுப்பு செப்டம்பர் நடுவில் வரும். தொஹோகு பகுதியில் அக்டோபர் வரை போகும்.

டோக்கியோவாசிகள் தொடங்க நல்ல இடம் சிபாவின் கமோகவா நகரில் உள்ள ஓயாமா சென்மைதா. சென்மைதா என்றால் ஆயிரம் வயல் என்று பொருள். எண்ணினால் 375 படிவயல்கள். ஆற்றுப் பாசனம் கிடையாது, வானம் பார்த்த பூமி. மழைநீரைத் தேக்கியே விளைவிக்கிறார்கள். உரிமையாளர் முறை அங்கே 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. மேற்கே நோட்டோ தீபகற்பத்தின் ஷிரோயோனே சென்மைதாவில் 1004 வயல்கள். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அந்த வரப்புகள் பிளந்தன, அந்த வருடம் சிறு பகுதியில்தான் நட முடிந்தது.

உரிமையாளர் முறை வேண்டாம் என்றால் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்திலோ விவசாயக் கூட்டுறவான ஜேஏவிலோ "என்னோ போரந்தியா" இருக்கிறதா என்று கேளுங்கள். வயலுக்கு உதவும் தொண்டர்கள் என்று பொருள். கூலி வேலை அனுமதி உள்ளவர்களுக்கு டேவர்க், ஒத்தெட்சுதாபி மாதிரியான இணையச் சேவைகள் உண்டு. முன்னது ஒரு நாள் விவசாய வேலைக்கு, பின்னது பயணத்தோடு சேர்த்துச் சில நாள் வேலைக்கு.

நெல் தவிர மற்றதும் உண்டு. எஹிமே மாகாணத்தின் யவத்தஹாமாவில் நவம்பர், டிசம்பரில் மிகான் ஆரஞ்சு. கால் நடுங்கும் சரிவு. காம்பைப் பழத்திலிருந்து தள்ளி ஒரு முறை, பிறகு ஒட்ட ஒரு முறை என்று இரண்டு வெட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் காம்பு கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்தி அழுகவைக்கும். ஆவோமோரி ஆப்பிளில் காம்பு பழத்தோடேயே வர வேண்டும். எனக்குத் தெரிந்தது நெல், அதனால் நெல்லுக்கே திரும்புகிறேன்.

போகுமுன் நான்கு கேள்வி

தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்: காப்பீடு யார் பொறுப்பு, கழிப்பறை எங்கே, ரயில் நிலையத்திலிருந்து யார் கூட்டிப்போவார்கள், மதியச் சாப்பாடு யாருடையது. சிறிய தனியார் பண்ணைகளில் தொழிலாளர் விபத்துக் காப்பீடு இல்லாமல் இருக்கலாம். தொண்டர் வேலை என்றால் ஒருநாள் காப்பீடு எடுத்துவைப்பார்கள், அதற்குப் பெயரும் முகவரியும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கழிப்பறைக் கேள்விக்கு வெட்கப்படாதீர்கள். பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று மயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

உடுப்பு

முழுக்கை, முழுக்கால், கழுத்தில் துண்டு, அகன்ற தொப்பி. தாளின் ஓரம் கையைக் கீறும், சுணை அரிக்கும். கறுப்புத் துணி வேண்டாம், கதண்டுக் குளவி அதைத்தான் முதலில் தேடி வரும். காலுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், அதுவும் காலோடு ஒட்டிய வகை. தொளதொள பூட்ஸ் போட்டு ஈர வயலில் இறங்கினால் கால் வெளியே வரும், பூட்ஸ் வராது. மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. கையுறை "குன்தே" என்ற பருத்தியுறை எந்தக் கடையிலும் கிடைக்கும். உள்ளங்கையில் ரப்பர் பூசியது இன்னும் நல்லது.

அரிவாளை அவர்களே தருவார்கள். "நொகொகிரிகாமா" என்பார்கள். பல் வைத்த சின்ன அரிவாள். கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கருக்கரிவாளின் தம்பி! இடக்கைக்காரர் என்றால் முன்பே சொல்லுங்கள், பல் ஒரு பக்கமாகத் தீட்டியிருக்கும்.

அறுப்பு

கதிரில் பத்தில் ஒன்பது நெல்மணி மஞ்சளாகியிருந்தால் பக்குவம். அறுப்புக்கு முன் வயலில் தண்ணீர் வடித்திருப்பார்கள். ஆனால் படிவயல்களில் மூலைக்கு மூலை சேறு கிடக்கும்.

குனிந்து அல்ல, கால்களை அகட்டி இடுப்பை இறக்கி நில்லுங்கள். இடது கையால் குத்தை, அதாவது நெல்தூரைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டைவிரல் தரையைப் பார்த்தால் அரிவாள் வரும் வழியில் விரல் நிற்கிறது என்று பொருள். தரையிலிருந்து ஐந்து பத்து சென்டிமீட்டர் விட்டு, அரிவாளை அடிக்காமல் தன் பக்கமாக மெல்ல மேலே இழுங்கள். பல் இருப்பதால் ஒரே இழுப்பில் வரும். மூன்று நான்கு குத்து ஒரு பிடி. பிடியைத் தாள் ஒரே பக்கமாக இருக்கும்படி அரி அரியாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கதிர் சேற்றில் படக்கூடாது, அறுத்த தாளின் மேல் சாய்த்து வையுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கும் உங்களுக்கும் அரிவாள் வீச்சுக்கு அப்பால் இடம் இருக்கட்டும். அரிவாளைத் தரையில் வைத்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான் வைத்ததை மறுநாள் தாத்தாதான் மிதித்தார், பூட்ஸோடு போயிற்று. அதற்குப் பிறகு பிடியில் சிவப்பு நாடா கட்டி வைத்திருக்கிறேன்.

அளவும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு "டான்" நிலம் என்றால் சுமார் 1000 சதுர மீட்டர், நம் கணக்கில் 25 சென்ட். அதில் கிட்டத்தட்ட இருபதாயிரம் குத்துகள் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கிண்ணச் சோற்றுக்கு மூன்று குத்து என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு பிடி அறுத்தால் ஒரு வேளைச் சோறு என்ற கணக்கு கையிலேயே நிற்கிறது.

கட்டு

இங்கேதான் ஆள் தெரியும். பாட்டி போன வருட வைக்கோலை முந்தின இரவே ஈரப்படுத்தி வைத்திருப்பார். அதில் மூன்று நான்கு இழையைத் தரையில் போட்டு, மேலே இரண்டு மூன்று பிடியைக் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்காக வையுங்கள். குறுக்காக வைப்பது பின்னால் தொங்கவிடும்போது இரண்டாகப் பிரிய வசதி. முழங்காலால் கட்டை அழுத்திக்கொண்டு, வைக்கோல் முனைகளை இரு கையாலும் இறுக்கி இழுத்து, சேர்த்து இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, முறுக்கின முனையைக் கட்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவே விரலால் திணித்துவிட வேண்டும். முடிச்சு கிடையாது. நம் ஊர் வைக்கோற்பிரிக் கயிறும் முறுக்கில்தான் நிற்கிறது, முடிச்சில் அல்ல.

நெல் காயக் காயத் தாள் சுருங்கும். இன்று இறுக்கமாகத் தெரியும் கட்டு நான்காம் நாள் தளர்ந்து நழுவும். முதல் வருடம் நான் கட்டியதில் பாதி ராத்திரிக் காற்றில் விழுந்து கிடந்தது. பாட்டி எதுவும் சொல்லவில்லை. மறு வருடம் நான் கட்டும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையும் தாளைப் பிடித்துத் தூக்கி ஒரு உதறு உதறிப் பார்த்தார். நீங்களும் அதையே செய்யுங்கள். உதறினால் ஓர் இழைகூட நழுவக்கூடாது. நழுவினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். வேகம் யாருக்கும் வேண்டாம்.

தொங்கவிடுவது

மூங்கிலும் மரமும் கொண்டு முக்காலி மாதிரிக் கால் ஊன்றி, மேலே நீளக் கம்பு போட்ட, நெல் காயவைக்கும் சட்டம் இருக்கும். பொதுப்பெயர் "ஹாசா", நான் போகும் ஊரில் "ஓதா". கட்டை ஏழுக்கு மூன்று என்று பிரித்துக் கம்பின் இருபுறமும் விழ மாட்டுங்கள். ஒரு கட்டுக்குப் பெரிய பக்கம் முன்னால் என்றால் அடுத்ததுக்குப் பின்னால். இப்படி மாற்றி மாற்றி மாட்டி, பக்கவாட்டில் நெருக்கித் தள்ளினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். சமமாகப் பிரித்து மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், காற்றுக்கு நிற்காது.

இரண்டு வாரம் வெயிலும் காற்றும். அறுக்கும்போது மணியில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும், 15க்குக் கொண்டுவர வேண்டும். தலைகீழாகத் தொங்குவதால் தாளின் சத்து மணிக்கு இறங்கும் என்று பாட்டி சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெதுவாகக் காய்வதால் மணி விரிசல் விடாது என்றால் ஒத்துக்கொள்வேன்.

இயந்திர வயலில் உங்கள் வேலை

ஜப்பானில் பெரும்பாலான நெல்லை அறுப்பது இயந்திரம்தான். அங்கேயும் கைக்கு வேலை உண்டு. அறுவடை இயந்திரம் திரும்புவதற்காக வயலின் நான்கு மூலைகளையும் முன்பே கையால் அறுத்து வைக்க வேண்டும். காலைப் பனி உலரும் வரை இயந்திரம் இறங்காது, அந்த ஒன்பது மணி வரையான நேரம்தான் உங்களுக்கு. அறுத்த ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சில மணி நேரத்திலேயே சூடேறி அரிசி நிறம் மாறிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு அறுப்பது என்பதை உலர்த்தியின் கொள்ளளவுதான் தீர்மானிக்கிறது. "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, ஏன் நிறுத்திவிட்டார்கள்?" என்று நான் முதலில் குழம்பியதுண்டு. மறுநாள் உமி நீக்கிய பழுப்பரிசி 30 கிலோ காகிதப் பைகளில் இறங்கும். பையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள். சுழலும் பாகத்தின் பக்கத்தில் பருத்திக் கையுறை போடாதீர்கள், நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். வைக்கோல் அடைத்துக்கொண்டால் "தொமெத்தே" என்று கத்துங்கள், நிறுத்து என்று பொருள். எஞ்சின் நின்ற பிறகுதான் யார் கையும் உள்ளே போக வேண்டும்.

விஷமும் மின்சாரமும்

மாமுஷி என்ற விரியன் வகைப் பாம்பு வரப்போரப் புல்லிலும் அறுத்துப்போட்ட கட்டுக்கடியிலும் இருக்கும். கட்டை அணைத்துத் தூக்குமுன் காலால் ஒரு தட்டு. கதண்டுக்குச் செப்டம்பர், அக்டோபரில்தான் மூர்க்கம் அதிகம். ஒன்று சுற்றி வந்தால் கையை வீசாமல் மெல்லப் பின்வாங்குங்கள். வீடு திரும்பியதும் குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பில் உண்ணி கடித்திருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காமல் மருத்துவரிடம் போங்கள். காட்டுப்பன்றிக்காகக் கட்டிய மின்வேலி மெல்லிய கம்பியாக இருக்கும், பகலிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அவசரத்துக்கு 119. மலையில் முகவரி சொல்லத் தெரியாது, போன உடனேயே வயலின் இருப்பிடத்தைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரப்பிலும் பார்த்து நடங்கள். படிவயலின் வரப்பு ஓரத்தில் மிதித்தால் சரிந்து கீழ்வயலில் விழும். அதைக் கட்டியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பத்து மணித் தேநீர்

காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் "இப்புக்கு" என்று வேலை நிற்கும். நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள். தொடர்ந்து வேலை செய்வது சுறுசுறுப்பாகத் தெரியாது, மற்றவர்கள் உட்காரச் சங்கடப்படுவார்கள். வாற்கோதுமைத் தேநீர், உப்பு மிட்டாய், பசையரிசிச் சோற்றை இடித்துச் செய்த மோச்சி வரும். சைவர்கள் ஓனிகிரி என்ற சோற்றுருண்டையில் உமெபோஷி ஊறுகாய் வைத்ததைக் கேட்டு வாங்கலாம். மிசோ சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். ஜப்பான் அரிசியில் அது உதிராது, உருண்டையாகவே வரும். பாட்டி அதைப் புளித்த ஓனிகிரி என்கிறார்.

முதல் நாள் போகும்போது ஒரு சின்னப் பலகாரப் பெட்டி போதும். விலை உயர்ந்தது கொடுத்தால் அதற்குப் பதில் செய்ய அவர்கள் திண்டாடுவார்கள். வேலைச் சொற்களில் "காத்தே" என்றால் அறு, "ஷிபாத்தே" கட்டு, "காகெத்தே" தொங்கவிடு, "அபுனாய்" ஆபத்து. "அகாரோகா" என்று கேட்டால் இன்றைய வேலை முடிந்தது. அப்போது "ஒத்ஸுகாரெசாமா தெஷ்தா" (உழைப்புக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு அரிவாளைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். குப்பை உங்களோடு வீட்டுக்கு வரட்டும்.

கதிரடிப்பும் அரிசியும்

இரண்டு வாரம் கழித்து வரும் கதிரடிப்பு நாளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சட்டத்திலிருந்து கட்டுகளை இறக்கி இயந்திரத்துக்கு எட்டும் தூரத்தில் அடுக்குவது, நெல்லைப் பையில் பிடிப்பது, வைக்கோலைத் திரும்பக் கட்டி அடுத்த வருடத்துக்குக் கொட்டகையில் ஏற்றுவது. தூசி கண், மூக்கெல்லாம் போகும், முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

உரிமையாளர் முறையில் உங்கள் பங்கு பெரும்பாலும் பழுப்பரிசியாக வரும். அப்படியே வைத்துக்கொண்டு வேண்டும்போது தீட்டுவது நல்லது. கிராமத்துச் சாலையோரங்களில் காசு போட்டால் ஓடும் அரிசி ஆலைக் கூண்டுகள் உண்டு, பத்துக் கிலோவுக்கு நூறு யென் அளவில் ஆகும். வெள்ளையாகத் தீட்டினால் பத்தில் ஒரு பங்கு தவிடாகப் போகும். மீதியை 15 டிகிரிக்குக் கீழே, இடமில்லாதவர்கள் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். புது அரிசிக்கு உலையில் தண்ணீர் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்வார் பாட்டி. சாதத்துக்கு அது சரி. தை மாதம் வரை இரண்டு கிலோ ஒதுக்கி வைத்துச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது மட்டும் நான் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை, அந்த அரிசி குழைந்தால்தான் ருசி.

போன அக்டோபரில் கதிரடித்து முடித்து வைக்கோலை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாட்டி என் கட்டு ஒன்றைத் தூக்கி உதறினார். பிறகு அதைக் கொட்டகையில், அடுத்த வருடம் கட்டுவதற்கென்று ஒதுக்கிய குவியலில் போட்டார்.